இறக்கத்துக்கு ஒரு டபள் கெப்

படகு கட்டி இழுக்க வண்டி தேடி என் கராஜுக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். "அண்ணே, எது நல்லா இழுக்கும்?" 2005க்குப் பிறகு வந்த டர்போ டீசல் டபள் கெப் எதுவானாலும், எஞ்சின் ஒழுங்காக இருந்தால், ஒரு தொன் படகை ஹட்டனுக்கு ஏற்றிவிடும். மெதுவாக ஏறலாம், சூடு முள் கொஞ்சம் உயரலாம், ஆனாலும் ஏறிவிடும். அதனால் நான் வேறு கேள்வி கேட்பேன். "அதே படகோட கினிகத்தேனையில இறங்கும்போது வண்டியை எது பிடிச்சு வைக்கும்?"

கொட்டகலையில் உட்கார்ந்துகொண்டு படகு பற்றிப் பேசுவது வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கும். கடலுக்கு றோட்டு வழியே நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ஆனால் எங்களைச் சுற்றித் தண்ணீர்தான். நோர்வூட் பக்கம் காசல்ரீ, மஸ்கெலியாவில் மவுசாகலை, தலவாக்கலையில் 2012இல் வேலைக்கு வந்த மேல் கொத்மலை, மேலே நுவரெலியாவில் ஆளுநர் கிரகரி 1873இல் கட்டிய வாவி. மீன் பிடிப்பவர்கள், உல்லாசப் பயணிகளை ஏற்றுபவர்கள், பங்களா விடுதி நடத்துபவர்கள் என்று எல்லோருக்கும் படகு வேண்டும். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் மேற்குக் கரைப் பட்டறைகளில் செய்யப்பட்டு மேலே வருகின்றன. அடி உடைந்தாலோ எஞ்சின் பழுதானாலோ மறுபடி கீழே போகின்றன. அந்தப் போக்குவரத்துதான் எனக்குப் பிழைப்பு. எஞ்சின் வேலையும் செய்வேன், இழுத்துக்கொண்டும் போவேன், வண்டி வாங்குபவர்களோடு போய்ப் பார்த்தும் கொடுப்பேன்.

ட்ரெய்லர் பாடத்தை நான் படித்தது படகில் இல்லை, கொழுந்து ட்ரெக்டரில். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மலையில் கொழுந்து மூட்டைகளை மடுவத்திலிருந்து பெக்டரிக்குக் கொண்டுபோகும் ட்ரெக்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி தொங்கும். சின்ன வயதில் அதில் உதவியாளாக நின்றேன். அந்த ட்ரெக்டர் ஓட்டிய மாமா இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, கியரைக் குறைத்துப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். "இறங்க ஆரம்பிச்ச பிறகு கியர் தேடாதடா. கியர் விழாட்டி பெட்டி உன்னைத் தள்ளும்" என்பார். வளைவில் பெட்டி தள்ளி, ட்ரெக்டர் குறுக்கே மடிந்து, தேயிலைக்குள் புரண்ட சம்பவங்கள் எங்கள் தோட்டங்களில் எத்தனையோ உண்டு. ஆட்களையும் அதே பெட்டியில் ஏற்றிய காலம் அது. பின்னாலிருக்கும் பாரம் முன்னாலிருப்பதைத் தள்ளும் என்பது எனக்கு அப்போதே மனதில் ஊன்றிவிட்டது.

ட்ரெய்லரோடு பின்னுக்கு எடுப்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, கை எந்தப் பக்கம் போகிறதோ பெட்டியும் அந்தப் பக்கமே போகும். இன்றைக்கும் புதிதாகப் படகு இழுக்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இப்போது பாதையைப் பார்ப்போம். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரை போகும் ஏ7 வீதி. கித்துல்கலையில் ஆறு கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் அளவில் ஓடுகிறது. ஹட்டன் 1270 மீற்றர். நுவரெலியா 1868. கெப் வண்டியும் ஆட்களும் இரண்டு தொன், படகும் ட்ரெய்லரும் ஒரு தொன், ஆக மூன்று தொன் ஹட்டனிலிருந்து கித்துல்கலைக்கு இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரம் முழுவதும் சூடாக மாறினால் நூறு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்குபோட்டுத் தின்ன வேண்டும். எஞ்சின் தின்னாததை எல்லாம் பிரேக் தின்னும், அதுவும் நாலு சின்னத் தட்டிலும் டிரம்மிலும்.

வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் வரை மழை கொட்டும் இடம். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி பஞ்சு போல இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொன்னால் "வண்டி நல்லாத்தானே நிக்குது" என்பார்கள். கொட்டகலை டவுனுக்குள் நல்லாத்தான் நிற்கும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் வேனோடும் ஓட்டோவோடும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த வேனில் இருந்தது எங்கள் பக்கத்துக் குடும்பம். அந்த இறக்கத்தைத் தெரிந்த எவரும் அதை மறக்கமாட்டார்கள். படகு கட்டிக்கொண்டு நான் அந்தக் குறுக்கு வீதிக்குள் போவதே கிடையாது. கூடுதல் நேரம் எடுத்தாலும் பெரிய பாதைதான்.

சரி, வண்டிக்கு வருவோம். கம்பனித் தாள்களில் பெரிதாக ஓர் எண் போட்டிருப்பார்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், நவாரா என்று இப்போதைய பெரிய மாடல்களுக்கு 3500 கிலோ. அதைக் காட்டி "மூன்றரைத் தொன் இழுக்குமாம், நம்ம படகு ஒரு தொன்தானே" என்பார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும்: 750 கிலோ. ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால்தான் 3500. பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 750க்கு மேல் கட்டக் கூடாது என்று அதே கம்பனிதான் சொல்கிறது. பதினெட்டு அடி ஃபைபர் படகு, 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள 40 குதிரைவலு எஞ்சின், எண்ணெய், நங்கூரம், உயிர்காப்பு அங்கி, இரும்பு ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 750ஐத் தாண்டிவிடும். என் கைக்கு வந்த உள்ளூர் ட்ரெய்லர்களில் பாதிக்கு மேல் பிரேக் கிடையாது. பழைய கார் அச்சு ஒன்றை வெட்டி, சட்டத்தில் ஒட்டி, டயர் மாட்டியிருப்பார்கள். ஒட்டு வேலை அழகாக இருக்கும். நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

அதனால் கெப் வாங்கும் காசில் ஒரு பங்கை ட்ரெய்லர் பிரேக்குக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள் என்பேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போவார்கள், போகட்டும்.

தள்ளு பிரேக் என்று நாங்கள் சொல்லும் வகை எங்களுக்குச் சரிப்படும். வண்டி வேகம் குறைந்தால் ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளலே கொக்கியில் உள்ள தண்டை அமுக்கி டிரம்மைப் பிடிக்கும். மின்சாரமும் வேண்டாம், தனிப் பெட்டியும் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் அது ஓயாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும். அதற்கு வழி, மிதியில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், கியர் பிடித்து, நேர் பகுதியில் ஒருமுறை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுவது. இடையில் டிரம் ஆறும். வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் நிறுத்த இடம் உண்டு. நான் நிறுத்தி ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து பிரேக் ஒட்டியிருக்கிறது, அல்லது பெயரிங் போகிறது.

எஞ்சின் விஷயத்தில் என் எண்ணம் ஷோரூம்காரர்களுக்குப் பிடிக்காது. ஏறும்போது டர்போ பெரிய உதவி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று வீதம் வலு இழக்கும். நுவரெலியா 6000 அடிக்கு மேல், அங்கே போகும்போது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் காணாமல் போயிருக்கும். பழைய 2.8 ஹைலக்ஸ் நானுஓயா ஏற்றத்தில் கரும்புகை தள்ளிக்கொண்டு ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டர்போ அந்த மெல்லிய காற்றை அமுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் இறங்கும்போது டர்போவால் பெரிய பிரயோசனம் இல்லை. அப்போது வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சினின் கொள்ளளவும் கியரும். 2.3 லீற்றர் இரட்டை டர்போ நவாரா 450 நியூட்டன் மீற்றர் கொடுக்கும். 2012இல் வந்த 3.0 டி-மெக்ஸ் 380தான் கொடுக்கும். தாளில் நவாரா முன்னால். கினிகத்தேனை இறக்கத்தில் மூன்றாம் கியரில் விட்டால் டி-மெக்ஸ் இறுக்கிப் பிடிக்கும், சின்ன எஞ்சின் அதே பிடிப்புக்கு இன்னொரு கியர் குறைக்கச் சொல்லி அலறும். இந்த மலைக்கு நான் மூன்று லீற்றர் பக்கம்.

ஓட்டோ கியர் வேண்டுமா, மெனுவல் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டும் சரி, ஓட்டோவில் கியரைக் கையால் பிடித்து வைக்க வழி இருக்க வேண்டும். 'டி'யில் விட்டுவிட்டு மலை இறங்குபவரை என் வண்டியில் ஓட்ட விடமாட்டேன்.

எல்200க்கு எங்கள் பக்கம் நல்ல பெயர், அதற்குக் காரணமும் உண்டு. பழைய மாடலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3 மீற்றர்தான், திரும்பும் ஆரம் 5.9 மீற்றர். கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்பும். நவாரா 3.15 மீற்றர், பழைய ரேஞ்சர் 3.22. தோட்டப் பாதையில் இந்த வித்தியாசம் தெரியும். இன்னும் பெரிய விஷயம், சூப்பர் செலெக்ட் உள்ள எல்200 என்றால் நனைந்த தார் றோட்டிலும் நாலு சக்கரத்தையும் ஓட்டலாம், நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. மற்றவற்றில் தார் றோட்டில் நாலு சக்கரம் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், கியர்ப் பெட்டி கெடும். எல்லா எல்200லும் இது கிடையாது. வாங்கும்போது செலெக்டரை நாமே போட்டுப் பார்க்க வேண்டும், விற்பவர் சொல்லை நம்பக் கூடாது. குறையும் இருக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் வால் நீளம். கொக்கியில் பாரம் விழுந்தால் அந்த வால் நெம்பி முன்பக்கத்தைத் தூக்கும். நவாராவின் கொயில் ஸ்பிரிங் வெறும் வண்டிக்குச் சுகமாக இருக்கும், பாரம் வைத்தால் குனியும். 3.2 ரேஞ்சர் நல்ல எஞ்சின், ஐந்து சிலிண்டர், 470 நியூட்டன் மீற்றர். ஆனால் ஹட்டனில் ஒரு சாமானுக்கு அலைய வேண்டி வரும் என்று சொல்லித்தான் கொடுப்பேன். ஹைலக்ஸ் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே நின்றாலும் சாமான் கிடைக்கும், விற்றாலும் காசு கிடைக்கும், அதற்கான விலையையும் கேட்பார்கள்.

கொக்கியில் விழும் பாரம் பற்றிச் சொன்னேன். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியில் அமர வேண்டும். குறைந்தால் ஹங்வெல்லப் பக்கத்து நேர் றோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததுமே ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதை அளக்க நான் மரக்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் கேட்டு வாங்குவேன். தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கி இருக்கும் அதே உயரத்தில் ட்ரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கினால் எண் வந்துவிடும். சரியில்லை என்றால் படகை அச்சின் மேல் ஒரு சாண் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி, முன் தடுப்பை மாற்றிப் போட வேண்டும். எண்ணெய்த் தாங்கி நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் நிறுத்துப் பார்ப்பது நல்லது, பின்னால் தாங்கி உள்ள படகில் கணக்கு மாறும்.

தண்ணீர்க் கரைக்கு வந்தால் வேறு கதை. கிரகரி வாவியில் கரை கட்டியிருக்கிறது. காசல்ரீயும் மவுசாகலையும் படகுக்காகக் கட்டியவை இல்லை, மின்சாரத்துக்காகக் கட்டியவை. காசல்ரீத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தை 1965இலிருந்து சுழற்றுகிறது. நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மழையின் கையிலும் மின்சார சபையின் கையிலும். தென்மேற்குப் பருவத்தில் தண்ணீர் புல் வரை வந்து நிற்கும். பெப்ரவரி, மார்ச்சில் அதே இடத்தில் தண்ணீர் எங்கோ கீழே கிடக்கும், இடையில் முழுக்கச் சேறு. மவுசாகலையில் தண்ணீர் நன்றாக வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில், விகாரை இடிபாடுகள் வெளியே தெரியும். எங்கள் பாட்டிமார் கடைக்குப் போன தெரு அங்கேதான் இருந்தது. தண்ணீர் வற்றிக் கிடக்கும் மாதங்களில் படகு இறக்க, நாலு சக்கரமும் குறைந்த கியரும் இல்லாத கெப் உதவாது. இரண்டு சக்கர கெப் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர்கள் மார்ச் மாதம் ட்ரெக்டர் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பின் டிஃபரன்ஷியல் லொக் இருந்தால் இன்னும் நல்லது. டயர் கட்டைகள் ஆழமாக இருக்க வேண்டும். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சேற்றில் பிடிக்கும், தார் றோட்டுக்கு ஏறுமுன் மறுபடி அடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக இறங்கிக் கரைக்கு வரும்போது ட்ரெய்லர் சக்கரத்து நடுப்பகுதி சூடாக இருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பாலாகிப் போகும். கொஞ்ச நாளில் பெயரிங் கத்தும், அப்புறம் சக்கரமே கழன்று ஓடும். கரையில் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்து, தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரமாவது ஆறவிடுங்கள். லைட் வயரைத் தண்ணீருக்கு முன்னால் கழற்றுங்கள், வெளியே வந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

போன வருஷம் நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். காசல்ரீயில் பயணிகளை ஏற்றப் படகு வாங்கப் போகிறார், இரண்டு மாசத்துக்கு ஒருமுறையாவது கீழே கொண்டுபோய் வர வேண்டியிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து காசு சேர்த்து வைத்திருந்தார். அந்த இடைப்பட்ட வருஷங்களில் பழைய நல்ல ஹைலக்ஸே ஒரு கோடி ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்ததும் புது வண்டி வாங்கலாம் என்று நம்பி, வரியைக் கேட்டதும் சோர்ந்துபோய் என்னிடம் வந்திருந்தார்.

"மாமா, கடன் எடுத்தாவது புதுசு வாங்கட்டுமா?"

"எதுக்கு தம்பி? புதுசு வாங்கினா ட்ரெய்லருக்கு என்ன மிஞ்சும்?"

"ட்ரெய்லர் படகோட சேர்த்துத் தர்றாங்க."

"பிரேக் இருக்கா?"

அவருக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டார். இல்லையாம்.

இரண்டு பேரும் சேர்ந்து 3.0 டி-மெக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். தோட்டத்துக்குள் ஓடிய வண்டி, வெளித்தோற்றம் சுமார்தான், சட்டத்தில் துரு இல்லை, குறைந்த கியர் விழுந்தது. அதைத்தான் நான் பார்த்தேன். பிரேக் எண்ணெய், தட்டு, பின் ஸ்பிரிங் பட்டைகள், கொக்கிச் சட்டம் எல்லாம் மாற்றினோம். பழைய கொக்கி பம்பரோடு மட்டும் முடுக்கியிருந்தது. சேஸிஸில் பிடிக்காத கொக்கியில் நான் எதையும் கட்டமாட்டேன். ட்ரெய்லரை விற்றவர்களிடமே திருப்பி அனுப்பி, தள்ளு பிரேக்கோடு வேறு அச்சு போட வைத்தோம். ட்ரெய்லரைத் தனியாகப் பதிய வேண்டும், எந்த உரிமத்தில் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். அவர் போய்க் கேட்டு முடித்துவிட்டு வந்தார்.

முதல் தடவை படகைக் கீழே கொண்டுபோகும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வட்டவளை தாண்டியதும் மழை. பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே வந்தது. தம்பி இடப்பக்கம் ஒதுக்கி அதைப் போகவிட்டு, இறக்கம் தொடங்குமுன்பே மூன்றாம் கியருக்கு வந்துவிட்டார். கினிகத்தேனையில் நிறுத்தி இரண்டு பேரும் இறங்கி நாலு சக்கரத்தையும் ட்ரெய்லரின் இரண்டையும் பார்த்தோம். எல்லாம் ஒரே சூடு, கையை வைத்து எடுக்கக்கூடிய சூடு. படகுப் பட்டறையில் அந்த அச்சைப் போட்டுக் கொடுத்த ஆட்கள் இப்போது மலைக்குப் போகிற படகென்றால் பிரேக் அச்சு வேண்டுமா என்று அவர்களே கேட்கிறார்கள். நுவரெலியாவுக்கு ஏற இருக்கும் அடுத்த படகுக்கும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.